மூன்றாவது தரம் கேட்டால்

மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து அதிகாரி பத்து மணிக்கு வருவார் என்று கடிதத்தில் போட்டிருந்தது. ஒன்பதே காலிலிருந்து ஆர்லிஸ் ஹௌகன் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. உள்ளே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.

கடிதம் மாநிலப் பத்திரத் துறையுடையது. முதலீடு என்ற பெயரில் யார் யாரிடம் எதை விற்றாலும் கண் வைத்திருக்கிற இலாகா. 'டேரல் நைகார்ட் விற்றுவரும் கடன் பத்திரங்கள் குறித்துத் தங்களிடம் சில கேள்விகள்' என்று இரண்டே வரி. ஆர்லிஸ் முப்பத்தோரு வருஷம் அந்த ஊர்த் தபாலாபீசை நடத்தி ஓய்வு பெற்றவள். அரசாங்க உறைகளை ஆயிரக்கணக்கில் ஊராரிடம் சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறாள். தன் பெயருக்கு வந்த ஒன்றைப் பிரிக்க அவளுக்கு முழுசாக ஒரு நாள் பிடித்தது.

அது போதாதென்று காலை எட்டு மணிக்கு டேரலே போன் செய்தான்.

"காபி குடுத்து அனுப்பிடு ஆர்லிஸ். கேக் இருந்தா ஒரு துண்டு வை. வேற ஒண்ணும் பேச வேணாம்." சிரித்தான். சர்ச் பாட்டுக் குழுவில் அவன் குரல்தான் தேன். "ஆமா, ஹீட்டர் எப்படி ஓடுது? சத்தம் கித்தம் இல்லையே?"

"நல்லா ஓடுது."

"ஓடட்டும் ஓடட்டும். நான் மாட்டினா நீயும் மாட்டுவ. அதை மட்டும் மனசுல வச்சுக்க."

அதையும் அவன் தேன் குரலிலேயேதான் சொன்னான். போனை வைத்த பிறகுதான் அவன் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். நிஜமாகத்தான் கேட்கிறேன் என்றால், ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தரம் கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை என்று சொல்லி முழுக் கோப்பை குடிப்பார்கள். முதல் தரமே வாங்குகிறவன் அல்பம். ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு நகர்ந்துபோவதோ உபசாரத்தில் சேர்த்தியே இல்லை. நீ ஏன் இங்கே வந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குச் சமம் அது.

டேரல் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். இது அவனுக்குத் தெரியாதா? தானியக் கிடங்குகள் கட்டப்போகிறேன், போடுகிற பணத்துக்கு வருஷம் பன்னிரண்டு சதவீதம் தருகிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தான். ஆனால் யாரிடமும் பணம் கேட்கவில்லை. கொண்டுபோனவர்களிடம், "வேணாங்க, இப்ப எடமில்ல" என்றான். இரண்டாவது தரம் போனால், "நீங்க உங்க பேரப்பிள்ளைங்களுக்கு வச்சுக்கங்க" என்றான். மூன்றாவது தரம் ஜனங்கள் செக்கை அவன் கோட்டுப் பையில் திணித்துவிட்டு ஓடினார்கள். வாங்கிக்கொள்ளவே மறுக்கிற மனுஷனிடம் போய் யார் பத்திரத்தைக் காட்டு, பதிவைக் காட்டு என்று கேட்பார்கள்? பிஸ்மார்க்குக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். அது முதுகுக்குப் பின்னால் பேசுகிற மாதிரி ஆகிவிடுமே என்று ஒருவரும் போடவில்லை. நல்லவர்களாக இருப்பதில் அவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம்.

அப்படிப் போனவர்களில் பதினோரு பேரை அனுப்பியது ஆர்லிஸ். "நானும் போட்டிருக்கேன்" என்று அவள் சொன்னால் போதும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மணியார்டரைக்கூடத் தவற விடாதவள் சொல்லுக்கு அந்த ஊரில் மறு பேச்சு கிடையாது. போன அக்டோபரில் அவள் வீட்டு நிலவறையிலிருந்து வீடு முழுவதையும் சூடாக்கிக்கொண்டிருந்த பழைய ஹீட்டர் உயிரை விட்டது. மறுநாளே டேரல் இரண்டு ஆட்களை அனுப்பிப் புதியது வைத்துக் கொடுத்தான். "ஆள் சேத்துவிட்ட நன்றிக்கு" என்றான். அவள் இரண்டு தரம் வேண்டாம் என்றாள். அப்புறம் சரி என்றாள்.

பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது.

வந்தவள் ஜனெல் கெஸ்லர், நாற்பது வயசு இருக்கும். பனி பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். காபியை இரண்டு தரம் வேண்டாம் என்று மூன்றாவது தரம் வாங்கிக்கொண்டாள். நம்ம பக்கத்துப் பெண்தான் என்று ஆர்லிஸுக்குத் தெரிந்தது. அதனால் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. வெளியூர்க்காரியிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

"மிசஸ் ஹௌகன், இந்த மாநிலத்துல இந்த மாதிரி பத்திரம் விக்கணும்னா எங்ககிட்ட பதிவு பண்ணணும். விக்கிற ஆளும் பதிவு பண்ணணும். நைகார்ட் ரெண்டும் பண்ணல. கிடங்கு கட்டுறதா சொன்ன எடத்தைப் போய்ப் பாத்தேன். பனிக்கு மேல சோளத் தட்டைதான் நீட்டிக்கிட்டு நிக்குது."

ஆர்லிஸ் கேக்கை அவள் பக்கம் தள்ளினாள்.

"அவரை நிறுத்தச் சொல்லி எங்க கமிஷனர் நாளைக்கே ஆணை போடலாம். கோர்ட்டுக்குப் போய் பேங்க் கணக்கையும் முடக்கலாம். ஆனா உள்ளே நடந்ததை யாராவது ஒருத்தர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். ஆறு வீட்டுக்குப் போயிட்டேன். ஆறு வீட்லயும் நல்ல காபி. ஒருத்தரும் வாயைத் திறக்கல." ஜனெல் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "ஆள் சேத்து விட்டதுக்கு நைகார்ட் யாருக்காவது ஏதாவது குடுத்தாரா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பணம்தான்னு இல்ல. பொருளா குடுத்தாலும் அதே கதைதான். அதை வாங்கினவங்களும் சட்டப்படி விக்கிற ஆள்தான், பதிவு பண்ணாத ஆள்."

அந்த நேரம் பார்த்தா அது கிளம்ப வேண்டும்! நிலவறையில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு தரை லேசாக அதிர, ஜன்னலுக்குக் கீழேயிருந்த கம்பித் தடுப்பு வழியாகச் சூடான காற்று புஸ்ஸென்று வந்து ஜனெலின் காகிதங்களைத் தூக்கியது. ஆர்லிஸுக்கு வீட்டுக்குள் ஒளித்து வைத்த ஆள் தும்மிவிட்ட மாதிரி இருந்தது.

"உங்களுக்கு ஏதாவது குடுத்தாரா?" ஜனெல் காகிதங்களை உள்ளங்கையால் அமுக்கியபடி கேட்டாள்.

"இல்ல."

அறுபத்தாறு வருஷத்தில் ஆர்லிஸ் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைச் சொல்லும்போதே கேக் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். ஜெயில் என்று நினைத்தாள். அப்புறம், ஜெயிலைவிட மோசமான இடமாக, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து ஊரே கூடிக் காபி குடிக்கிற சர்ச்சின் கீழ்த்தளத்தை நினைத்தாள்.

போன் அடித்தது. லவோன். செத்துப்போன கணவன் ஆர்வினின் அக்கா, அவளுடைய நாத்தனார். காது மந்தம் என்பதால் உலகத்துக்கே காது மந்தம் என்று நினைத்துப் பேசுகிறவள்.

"ஆர்லிஸ்! நிலம் வித்த செக்கு வந்துடுச்சுடி! வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டேரல் வாரேன்னுட்டான். பாவம், ரெண்டு தரம் வேணாம்னான். நான் விடுவேனா? முழுசையும் வச்சுக்கடான்னுட்டேன்."

அறை முழுக்கக் கேட்டது. ஜனெல் தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் பேனா நின்றுவிட்டது.

லவோனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த நிலத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. இடுப்பு விழுந்தால் முதியோர் விடுதிக்குக் கட்ட வேண்டிய பணம் அது. கொடுக்காதே என்ற ஒரே வார்த்தை ஆர்லிஸின் தொண்டை வரைக்கும் வந்தது. கொடுக்காதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால்?

"அப்புறம் பேசுறேன் லவோன்."

"என்னடி, குரல் ஒரு மாதிரியா இருக்கு? சளியா?"

"ஆமா. சளி."

"மிளகு போட்டு சூப்பு வையி. தரித்திரம் பிடிச்சவ மாதிரி தனியா கிடந்து சாகாத!" போன் வைக்கப்பட்டது.

ஜனெல் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்து, கோப்பையைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். போகட்டும், போகட்டும் என்று ஆர்லிஸின் நெஞ்சு அடித்துக்கொண்டது. போய்விடுவாளோ என்றும் அடித்துக்கொண்டது. ஆர்லிஸ் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனாள்.

ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி ஜனெல் நிமிர்ந்தாள்.

"எங்க வீடு இங்கேருந்து முப்பது மைல்தான் மிசஸ் ஹௌகன். எங்கம்மாவும் இப்படித்தான். அதனால மூணாவது தரம் கேக்குறேன். இதுக்கு மேல கேக்க மாட்டேன். அவர் உங்களுக்கு ஏதாவது குடுத்தாரா?"

மூன்றாவது தரம் கேட்ட பிறகு வேண்டாம், இல்லை என்று சொல்லி ஆர்லிஸுக்குப் பழக்கமில்லை.

"கீழ ஓடுதே," என்றாள், "அந்த ஹீட்டர்."

சொன்னதும், பூட்ஸ் அவிழ்க்கப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜனெல் மாட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். வக்கீல் வச்சுக்கிட்டுத்தான் பேசணும்னா அது உங்க உரிமை. நான் காத்திருப்பேன். இன்னொண்ணு, ஆணையில உங்க பேரும் வரும். என்னால மறைக்க முடியாது."

"ஜெயிலா?"

"அபராதம் இருக்கும். நீங்களா சொன்னதை எடுத்துச் சொல்வேன். மத்தது என் கையில இல்ல."

"லவோனுக்குத் தெரிஞ்சுடுமா?"

"ஊருக்கே தெரிஞ்சுடும்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணியை நினைத்தபோது, வக்கீலுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை என்று ஆர்லிஸுக்குத் தோன்றியது. பதினோரு பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் ரப்பர் முத்திரை மாதிரி ஒரே அச்சாக விழுந்த அவளுடைய கையெழுத்து, அன்று அந்த வாக்குமூலத்தின் கீழே கோழி கிண்டிய மாதிரி கோணிக்கொண்டு போயிற்று.

வியாழக்கிழமை மாலை ஆணை வந்தது. வெள்ளிக்கிழமை காலை நீதிமன்றம் கணக்கை முடக்கியது. பதினோரு மணிக்கு லவோன் வீட்டுக்கு டேரல் போகவில்லை. அவள் செக் அவள் கைப்பையிலேயே இருந்தது. மற்றவர்கள் போட்டதில் பாதியாவது மிஞ்சுமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆணை நாலு பக்கம். உள்ளூர் வாரப் பத்திரிகைக்காரர் வழக்கத்துக்கு மாறாக ஒரு நாள் முன்னதாகவே பேப்பரைக் கொண்டுவந்து, அதை முதல் பக்கத்தில் போட்டுவிட்டார். மூன்றாவது பத்தியில், 'ஆர்லிஸ் ஹௌகன், பதிவு செய்யாத விற்பனை முகவர்' என்று இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் போன் அடிக்கவில்லை. அவள் ஏழு தரம் லவோனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நிலவறையில் ஹீட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் 'டப்' என்று கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. அணைக்கவும் முடியாது. அணைத்தால் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போனாள். போகாமலிருக்கப் பயமாக இருந்தது, போகவும் பயமாக இருந்தது. முடிந்ததும் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். அவள் வழக்கமாக உட்காருகிற மேஜையில் உட்கார்ந்தாள். அந்த மேஜையில் பேச்சு மட்டும் நின்றது, யாரும் எழுந்து போகவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் மரியாதைக்காரர்கள்.

அந்த மாதம் காபி ஊற்றுகிற முறை லவோனுடையது. பெரிய கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தாள். ஆர்லிஸின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தோளில் அதே பழைய கைப்பை தொங்கியது. செக் பத்திரமாக அதற்குள் இருக்கிறது என்பது மட்டும்தான் அந்த மூன்று நாளில் ஆர்லிஸுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

"காபி?" என்றாள் லவோன். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி ஆர்லிஸ் கேட்டதே இல்லை.

"வேண்டாம், பரவாயில்ல," என்று ஆர்லிஸின் வாய், அறுபது வருஷப் பழக்கத்தில், தானாகச் சொல்லிவிட்டது.

லவோன் அடுத்த நாற்காலிக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த மார்லினிடம் காபி வேண்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார். மூன்றாவது தரம் கேட்டு ஊற்றினாள்.

ஆர்லிஸ் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கூஜா அந்த வரிசையின் கடைசி வரைக்கும் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.