ஒற்றைப் பத்தித் தலைப்பு

டியூஷன் வாத்தியார் கைதான செய்திக்கு ஒற்றைப் பத்திதான் கிடைத்தது. ஒற்றைப் பத்தி என்றால் நாலு விரல் அகலம். தலைப்புக்கு இரண்டு வரி. எழுத்தின் அளவைக் குறைக்கக் கூடாது. தலைப்பு நீண்டுவிட்டால் திரையில் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி எரியும். அது அணையாமல் பக்கம் அச்சுக்குப் போகாது. அந்த நாளிதழில் செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது அவள் வேலை. 'சிறுமிக்குப் பாலியல் வன்கொடுமை' என்று அடித்தாள். சிவப்பு எரிந்தது.

பின்னால் வந்து நின்ற செய்தி ஆசிரியர், "சில்மிஷம்னு போடும்மா. கச்சிதமா உக்காரும்" என்றார்.

"ஒன்பது வயசுக் குழந்தை சார். சில்மிஷம்னா ஏதோ ஜடையைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கு."

"அகராதி போடறப்ப உன்னைக் கூப்பிடறேன். இப்ப பக்கத்தை விடு."

'சிறுமியிடம் சில்மிஷம்: வாத்தியார் கைது.' அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அந்தச் சொல்லின் சாமர்த்தியமே அதுதான். வன்கொடுமை என்றால் செய்தவனின் முகம் தெரியும். சில்மிஷம் என்றால் அவன் குறும்புக்காரன். படிக்கிறவர் உதட்டில்கூட லேசாய் ஒரு சிரிப்பு வரும். சிரிப்பு வந்த இடத்தில் எவருக்கும் கோபம் வராது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தாள்.

மறுநாள் மதியம் அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. சிறுமியின் அம்மா.

"தலைப்பு போட்டது நீங்களா? பேரு போடலை, சந்தோஷம். ஆனா எம்பொண்ணுக்குப் படிக்கத் தெரியும்ங்க."

அவள் மேசைமேல் கிடந்த அன்றைய பேப்பரைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கெஞ்சிக் கூத்தாடி அவளைப் பேச வெச்சிருந்தோம். நாளைக்கு நீதிபதி முன்னாடி சொல்லணும். காலையில பேப்பரைப் பார்த்தா. 'தம்பி என் பென்சிலை ஒளிச்சு வெச்சா சில்மிஷம்னு சொல்லுவியே, அதாம்மா இது? நான்தான் பெருசு பண்ணிட்டேனா'ன்னு கேட்டா. அப்புறம் வாயே திறக்கலை."

"மன்னிச்சிருங்கக்கா. திருத்தம் போடச் சொல்றேன்."

"எந்தப் பக்கத்துல வரும்? எம்பொண்ணு கண்ணுல படுமா?"

ஏழாம் பக்கத்து அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். அவள் அதைச் சொல்லவில்லை.

"கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டிட்டா. இப்ப பேப்பர்ல ஓட்டைதான் இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா." இணைப்பு அறுந்தது.

செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"பேரே போடலையேம்மா, அப்புறம் என்ன?" என்றவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "ஆங், நாளைக்கு அந்தப் பொண்ணு வாக்குமூலம் குடுக்குதாம். ஒற்றைப் பத்தி. நேத்துப் போட்ட வார்த்தையையே போடு. ஜனங்களுக்கு ஞாபகம் வரும்."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். 'பாலியல் வன்கொடுமை: சிறுமி இன்று வாக்குமூலம்' என்று அடித்தாள். சிவப்பு எரிந்தது.

"பக்கம் என்னம்மா ஆச்சு?" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு விரல் அகலப் பெட்டிக்குள் அடங்காமல் அந்தச் சொல் நின்றது. ஓரத்தில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது.