பதில் தராத பராமரிப்பாளர்

பன்னிரண்டு போய்விட்டன, பதிமூன்றாவதன் மேல் அநாதை என்ற சிவப்புப் பட்டை ஒளிர்கிறது, நீக்கு என்ற பொத்தானில் விரல் நிற்கிறது, அழுத்தமாட்டேன் என்கிறது, நாங்கள் பத்துப் பேர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் தமிழ் மென்பொருள் களஞ்சியம் இது, எழுதியவர்கள் விட்டுப்போன மாட்யூல்கள், சின்னச் சின்ன நிரல்கள், மூலைக்கு மூலை கிடக்கின்றன, மூன்று முறை கடிதம் போட்டும் தொண்ணூறு நாளில் பராமரிப்பாளர் பதில் தராவிட்டால் நீக்கிவிடலாம் என்று விதி போட்டது நான், அநாதை என்று பேர் வைத்ததும் நான், அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இன்று ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும், மணி நாலேகால், இந்தப் பதிமூன்றாவது சுடலைமணி எழுதியது, எண்களைத் தமிழில் வாய்விட்டு வாசிப்பது, அந்த நாளில் கல்லூரி லேபில் என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான், தொள்ளாயிரத்தில் சிக்கி மூன்று நாளாகிறது, எண்ணூறு வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு இது மட்டும் ஏன்டீ ஆயிரத்துல போய் ஒட்டிக்கிடுது, யார்ட்ட போய் கேக்க என்று தலையைப் பிடித்துக்கொள்கிறான், நான் சிரிக்கிறேன், சிரிப்பு லேபிலிருந்து இந்த அறைக்குள் வந்து நின்றுவிடுகிறது, ஏனென்றால் காலையில் தூத்துக்குடியிலிருந்து சவரிமுத்து சார் பேசினார், பள்ளியில் வரலாறு நடத்துகிறவர், கண் தெரியாது, கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் பாடம் தயாரிக்கிறார், யம்மா, அந்த எண் வாசிக்கிறதை எடுக்கப்போறாவளாமே, அது இல்லன்னா வருசம் வார எடத்துல சத்தமே வராது, திங்கக்கிழமை பத்தாம் வகுப்புக்கு நான் என்னத்தச் சொல்ல, அந்தப் பையன் நம்பர் இருந்தாக் குடுங்க, நானே கெஞ்சிப் பாக்கேன்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான் சார் என்று பெரிய மனுஷிபோலச் சொல்லிவிட்டு வைத்தேன், இப்போது பொத்தானை விட்டுவிட்டுப் பழைய நம்பரைத் தேடிச் சுடலைமணியைக் கூப்பிடுகிறேன், ஆறு வருஷம் கழித்து அதே குரல், நான் அன்னைக்கே கையக் கழுவிட்டனே, நீதானே எடுத்துக்கிட்ட என்கிறான், அன்றைக்குக் குழுவில் சண்டை போட்டுக்கொண்டு அவன் கிளம்புகிறான், போடா, நான் பாத்துக்கிறேன் என்று வீம்புக்குச் சொல்லிப் பராமரிப்பாளர் இடத்தில் என் கல்லூரி மின்னஞ்சலைப் போடுகிறேன், படிப்பு முடிகிறது, வேலை, கல்யாணம், அந்த முகவரியின் கடவுச்சொல்கூட மறந்துபோகிறது, கடிதங்களை அனுப்புவது இயந்திரம், நான் முகவரியைப் பார்த்ததே இல்லை, இப்போது மாட்யூலின் பதிவைத் திறந்து பார்க்கிறேன், மூன்று கடிதமும் எனக்குத்தான் போயிருக்கிறது, அடிப்பாவி, மாட்யூலுக்கு வந்த புகார்கள் நாற்பத்தொன்று, எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்து வருஷத்துக்கு முந்தையது, தொள்ளாயிரத்தில் சில சமயம் திக்குகிறது, யாராவது இருக்கிறீர்களா, இப்படிக்கு சவரிமுத்து, ஒருவரும் பதில் எழுதவில்லை, சிவப்புப் பட்டையை எடுக்கிறேன், பராமரிப்பாளர் இடத்தில் என் பேரை முழுசாகப் போடுகிறேன், குழுவில் பத்துப் பேரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும், சாருக்குப் போன் போடுகிறேன், கெடச்சாராம்மா அந்தப் பையன், அது நான்தான் சார் என்கிறேன், திட்டினால் தேவலை, அவர் அப்போ திங்கக்கிழமை இருக்கும்லா என்று மட்டும் கேட்கிறார், இருக்கும் சார், இருக்கும் என்று இரண்டு தரம் சொல்கிறேன், நீக்கிய பன்னிரண்டில் எத்தனைக்கு என் முகவரி என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை.