கல்லூரி வாசலில் நின்ற பஸ்

எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத் தலைவர் ரூடி ஹால்வர்சனுக்கு ஒரு மைக் கிடைத்தால் போதும், சாப்பாடு வேண்டாம். எங்களுக்கு அப்படியில்லை. அதனால் அன்றைக்குச் சங்கக் கூடத்தின் மூலையில் ஒரு பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லி கொதித்துக்கொண்டிருந்தது. ஓஹையோவின் மார்ச் மாதக் குளிரில் அந்த வாசனைக்கே பாதிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"தோழர்களே, இனிமே நம்ம ஆளுங்க காலேஜ்ல படிக்கப் பைசா குடுக்க வேண்டாம்!" என்றார் ரூடி. "அரசாங்கம் குடுக்கிற உதவித்தொகை போக, மீதியைக் காலேஜே தள்ளுபடி பண்ணிடும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்தக் காலேஜோட கையெழுத்துப் போட்டாச்சு!"

பின்வரிசையிலிருந்து மெக்கானிக் ஓட்டிஸ் கை தூக்கினான். "தலைவரே, சம்பள உயர்வு கேட்டிருந்தோமே, அது என்னாச்சு?"

"அது பேச்சுவார்த்தையில இருக்கு."

"எப்ப முடியும்?"

"அதுக்குள்ள நீ ஒரு டிகிரியே வாங்கிடலாம்."

கூடமே சிரித்தது. ரூடி அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது ரூடி. சங்கப் பத்திரிகையின் புகைப்படக்காரர் வந்திருந்தார், வேறு வழியில்லை. இரண்டாவது வெர்னா ஸ்டப்ஸ். மூன்றாவது நான், டெல்பர்ட். அன்று காலை வீட்டில் என் மனைவி, "ஒண்ணு டிகிரி, இல்ல கீழறையைச் சுத்தம் பண்ணு" என்று சொல்லியிருந்தாள். ஓட்டிஸ் சில்லி தீரும்வரை யோசித்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சேர்ந்தான்.

எங்களில் உண்மையான காரணம் இருந்தது வெர்னாவுக்கு மட்டும்தான். அவள் பஸ் ஓட்ட வந்தபோது அவளுடைய மகள் தொட்டிலில் இருந்தாள். இப்போது அந்த மகளுக்கே குழந்தை இருக்கிறது. ஊரில் எந்தத் தெருவில் பனி முதலில் உறையும், எந்த நிறுத்தத்தில் யார் சில்லறைக்காகச் சண்டைக்கு நிற்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, டிகிரி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ன டிகிரி?" என்று கேட்டாளாம்.

"ஏதோ ஒரு டிகிரி."

அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஃபென்விக். கடல்வாழ் உயிரினங்கள் பற்றிப் படித்தவர். எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு முழுநாள் கார் ஓட்ட வேண்டும். அவருக்கு வழித்தடங்களைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வெர்னாவிடமே அனுப்பினார்கள். அவளும் கற்றுக்கொடுத்தாள். அன்று சாப்பாட்டு அறையில் யாரிடமும் பேசாமல் ஒரு ஆப்பிளை நறுக்கி நறுக்கி, கடைசியில் தின்னாமலே குப்பையில் போட்டாள்.

படிப்பு ஆரம்பித்தது. பாதி கம்ப்யூட்டரில், பாதி நேரில். கணிதம் ஓட்டிஸை அழவைத்தது. கட்டுரை எழுதுவது ரூடியை அழவைத்தது. ஒரு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். சில வருடங்கள் உருண்டு, கடைசிப் பருவத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசிப் பாடம், தொழிலாளர் வரலாறு. நடத்தியவர் டாக்டர் கொரின் ஆஷ்பி.

கொரின் வெர்னாவின் பஸ்ஸில்தான் கல்லூரிக்கு வருவார். அவருடைய கார் செத்து ஒரு குளிர்காலம் ஆகியிருந்தது. மடியில் திருத்த வேண்டிய தாள்கள், ஒரு கையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. மூன்று கல்லூரிகளில் பாடம் எடுத்தார். மூன்றிலும் அவர் தற்காலிகம்.

ஒருநாள் வகுப்பில், துண்டுக்கூலிக்கு வேலை செய்தவர்களைப் பற்றிச் சொன்னார். மருத்துவக் காப்பீடு கிடையாது, அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்று தெரியாது, உட்கார ஒரு மேசை கூடக் கிடையாது என்றார்.

"இதெல்லாம் எந்தக் காலத்துல டீச்சர்?" என்று கேட்டான் ஓட்டிஸ்.

"இந்தக் காலத்துலதான். நான் என்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்."

ரூடி எழுந்து நின்றுவிட்டார். "உங்களுக்குச் சங்கம் இல்லையா?"

"இல்ல."

"காலேஜ்ல, அதுவும் தொழிலாளர் வரலாறு சொல்லிக்குடுக்கிற ஆளுக்கு, சங்கம் இல்லையா!"

அன்று பாடம் நடக்கவில்லை. ரூடி கரும்பலகையருகே போய், சங்கம் கட்டுவது எப்படி என்று ஒரு வகுப்பு எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக எடுத்தார். கொரின் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

"வேலைநிறுத்தம்னு வந்தா எப்பப் பண்ணணும்?" என்று கேட்டார் கொரின்.

"அவங்களுக்கு எப்ப ரொம்ப வலிக்குமோ, அப்பத்தான்!" என்று மேசையைத் தட்டினார் ரூடி.

அந்த இலையுதிர்காலம் முழுக்க அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆசிரியர்கள் சங்கம் அமைத்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தது. எப்போது ரொம்ப வலிக்கும் என்று ஆசிரியர்கள் யோசித்தார்கள். டிசம்பரில், எங்கள் கடைசித் தேர்வு நாளில் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள்.

கல்லூரியிலிருந்து எங்களுக்குச் செய்தி வந்தது. துறைத்தலைவரே நேரில் தேர்வை நடத்துவார். வராதவர்களுக்குத் தேர்ச்சி கிடையாது.

டிப்போ சாப்பாட்டு அறையில் ரூடி எங்களை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பட்டமளிப்பு அங்கிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. மினசோட்டாவிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம் வரப்போகிறது. கேக்குக்கும் சொல்லியாயிற்று.

"நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றார் ரகசியமாக. "மறியல் வரிசையைத் தாண்டக்கூடாதுன்னு சொல்றது வேலைக்குப் போறவனைத்தான். நாம அங்க மாணவர்கள்."

"அப்போ நாம மறியல் பண்ணினப்ப, பயணிங்க தாண்டிப் போனா பரவாயில்லன்னு சொன்னீங்களா தலைவரே?" என்றாள் வெர்னா.

"அது வேற."

"அன்னிக்கு ஒரு கன்யாஸ்திரீயைப் பார்த்து 'கருங்காலி'ன்னு கத்தினீங்க."

"அவங்க வேகமா நடந்தாங்க வெர்னா, எனக்குச் சரியாத் தெரியல!"

"நீங்க போறதுன்னா போங்க. நான் போகல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த ஒரு தேர்வுதான் அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே நின்றது.

தேர்வன்று லீவு எடுத்திருந்தவள், அதை ரத்து செய்துவிட்டு வண்டி ஓட்ட வந்தாள். நான் மறியலில் நிற்பவர்களுக்கு டோனட் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறினேன். கடைத்தெரு நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி, மூக்குவரை சுற்றிய சால்வை. நேராகக் கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய தொப்பை எங்கள் டிப்போவில் ஒருவருக்குத்தான் உண்டு.

பாலம் தாண்டி, கல்லூரி வாசலில் பஸ் நின்றது. கதவு திறந்தது.

"கடைசி நிறுத்தம்! எல்லாரும் இறங்குங்க," என்றாள் வெர்னா.

சால்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கடைசி நிறுத்தம் உள்ள, லைப்ரரி பக்கத்துல இல்லையா?"

"இன்னிக்கு இங்கதான். மறியலைத் தாண்டி வண்டி ஓட்ட வேண்டாம்னு எங்க ஒப்பந்தத்துல இருக்கு. எங்க தலைவர் போராடி வாங்கிக் குடுத்தது. ரொம்ப நல்ல மனுஷன். உங்களுக்குத் தெரியுமா அவரை?"

ரூடி இறங்கினார். வேறென்ன செய்வார்? ஓரமாக நழுவி உள்ளே போய்விடலாம் என்று எண்ணியிருப்பார். அதற்குள் கொரின், மூக்குச் சிவந்து, கையில் பதாகையோடு ஓடி வந்தார்.

"ரூடி! எனக்குத் தெரியும் நீங்க வருவீங்கன்னு! இங்க நிக்கிற எங்க ஆளுங்க நம்பவே இல்ல. 'அவருக்கு இன்னிக்குப் பரீட்சையாச்சே'ன்னாங்க. நான் சொன்னேன், அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு!"

உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைத் திருப்பினார்கள். யாரோ ஒலிபெருக்கியைக் கையில் திணித்தார்கள். ரூடி ஒரு கணம் தேர்வு நடக்கவிருந்த நூலகத்தைப் பார்த்தார், ஒரு கணம் ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு சால்வையை அவிழ்த்தார்.

"தோழர்களே! இன்னிக்கு எனக்கு ஒரு பரீட்சை!" என்று ஆரம்பித்தார். "ஆனா இதைவிடப் பெரிய பரீட்சை ஏது?"

பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தேர்வு நேரம் முடிந்த பிறகும் பேசினார். உள்ளே துறைத்தலைவர் கேள்வித்தாள்களோடு தனியாக உட்கார்ந்திருந்தாராம். ஒரே ஒரு ஆள் எட்டிப் பார்த்தானாம், அவனும் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான்.

நிர்வாகம் அடுத்த வாரமே இறங்கி வந்தது. ஆசிரியர்கள் கேட்டதில் பாதி கிடைத்தது. கொரினுக்கு ஒரு மேசையும் கிடைத்தது, ஜெராக்ஸ் இயந்திரத்தோடு பங்கு. எங்கள் தேர்வைத் திரும்ப நடத்தவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது, ஜனவரியில் எழுதினோம். நால்வரும் தேறினோம். ரூடி ஒரு பக்கத்தில் முடிக்கவேண்டிய விடையை ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

வெர்னா மறுபடி விண்ணப்பித்தாள். வேறு வேலைக்கு மாறிப் போகவிருந்த ஃபென்விக்கே அவளை நேர்காணல் செய்தார். வேலை கிடைத்தது. அன்று மாலையே அவள் சங்க அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் என்றால் நிர்வாகத்தின் ஆள். அந்த விஷயம் ரூடிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நம்ம திட்டத்துல படிக்கவச்சு, நம்ம நல்ல ஆளைக் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்திருக்கோம்," என்று தலையில் கைவைத்தார்.

முதல் வாரம் வெர்னா சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் எங்கள் பேச்சு தானாக நின்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வசந்தத்தில் கம்பெனி ஓட்டுநர்களின் இடைவேளையைக் குறைத்தது. உத்தரவில் கையெழுத்து வெர்னாவுடையது. ரூடி ஒரு புகார் எழுதி, பட்டதாரி என்று பெயருக்குக் கீழே போட்டு, அவள் மேசையில் வைத்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

வெர்னா படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"தலைவரே, நீங்க சொல்லியிருக்கிற ஒப்பந்தப் பிரிவு விடுமுறையைப் பத்தினது. இடைவேளை அடுத்த பக்கத்துல இருக்கு. திருத்திக் கொண்டாங்க. அப்பத்தான் நான் தோக்க முடியும்."

ரூடி திருத்திக் கொண்டுவந்தார். புகார் விசாரணையில் அவள் தோற்றாள். இடைவேளை திரும்பி வந்தது. எப்படித் தோற்றாய் என்று மேலதிகாரி கேட்டபோது, வெர்னா சொன்னாளாம்:

"என்ன சார் பண்றது, இப்பல்லாம் எல்லாரும் படிச்சிட்டாங்க."