இன்னொரு ஜோடிக் கண்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவருக்கு மெஷின் என்று பேர். வைத்தவர் முதலாளி. "மனுஷனா இவன்? மெஷின்!" என்று ஒரு நாள் வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார், பேர் ஒட்டிக்கொண்டது. திட்டி வைத்த பேராக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் உதிர்ந்திருக்கும். இது புகழ்ந்து வைத்தது. ஆகையால் மெஷினே அதை உதிர விடவில்லை. மெஷினுக்குப் பசிக்குமா? பசிக்காது. ஓயுமா? ஓயாது. மத்தியானச் சாப்பாடு என்ற ஒன்றை அவர் விட்டுப் பல வருஷமாகிவிட்டது. மனைவி கட்டிக் கொடுக்கும் டப்பா காலையில் அவரோடு பஸ் ஏறும், சாயங்காலம் கனம் குறையாமல் இறங்கும்.

"இந்த டப்பா தினமும் ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வருது. அதுக்கும் ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுங்க" என்பாள் மனைவி.

"தலைக்கு மேல வேலை. உனக்கு எங்க புரியப்போகுது?"

"தலை இருந்தாத்தானே அதுக்கு மேல வேலை இருக்கும்?"

மெஷின் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மெஷின்களிடம் அறிவுரை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அந்தப் பின்னறையில் இரண்டே பேர். மெஷின் பொருத்துவார். அவர் பொருத்தியதைக் கருவியில் வைத்துப் பவர் சரிபார்ப்பவளுக்குக் கடையில் செக்கிங் என்று பேர். அவரைவிட வயதில் சின்னவள், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பொருத்தின ஆள் சரிபார்க்கக் கூடாது. இன்னொரு ஆள் பார்த்துப் பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் கண்ணாடி கடையை விட்டு வெளியே போகலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று தெரிந்த யாரோ போட்ட சட்டம் அது.

செக்கிங் வேலையில் புலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஆனால் ஒரு மணி ஆகிவிட்டால் போதும், தலை போகிற காரியமாக இருந்தாலும் வைத்தது வைத்தபடி எழுந்துவிடுவாள். அடுத்த தெருவில் வீடு. போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு, முகம் கழுவிப் பளிச்சென்று திரும்பி வருவாள். மெஷினுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "மகாராணி துயில் கொள்ளப் புறப்பட்டாச்சா?" என்று வாசல்வரை கேட்கும்படி சொல்வார். அவளும் வாசலில் நின்று, "ஆமா, அண்ணா. ராஜ்ஜியத்தைப் பத்திரமா பார்த்துக்கங்க" என்பாள். இந்த நாடகம் தினமும் நடக்கும்.

அப்படி ஒரு நாள், அவள் கிளம்புவதற்குச் சற்று முன்னால், கிரேன் ஓட்டுகிற பையன் ஒருவன் ஓடிவந்தான். பக்கத்துத் தெருக்கோடியில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே உச்சியில் நிற்கும் கிரேனுக்கு இவன்தான் ஓட்டுநர். மேலே ஏறும்போது கண்ணாடி நழுவிக் கீழே விழுந்து தூளாகிவிட்டதாம். மறுநாள் காலையில் அவனுக்குக் கண் பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார்கள். தவறினால் கிரேனிலிருந்து இறங்க வேண்டியதுதான்.

"இன்னைக்கே வேணும், சார். இந்த வேலையை நம்பித்தான் தங்கச்சி காலேஜ்ல சேர்ந்திருக்கா" என்றான்.

செக்கிங்தான் அவன் கண்ணை அளந்தாள். வலது கண் கொஞ்சம் மோசம், பவர் கூடுதல். இடது பரவாயில்லை. நல்லவேளையாக இரண்டு லென்சும் கடையில் இருந்தன. "வந்து பார்த்துடறேன், அண்ணா. அதுவரைக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மெஷின் உட்கார்ந்தார். மேஜையில் ஏற்கெனவே மூன்று வேலைகள் அரைகுறையாகக் கிடந்தன. காலையில் குடித்த டீயோடு வயிறு நின்றுபோயிருந்தது. கண் லேசாக எரிந்தது, தேய்த்துக்கொண்டார். லென்சில் வலது, இடது என்று அடையாளம் போட ஃபிரேமைத் தூக்கிப் பிடித்தார். அங்கேதான் சறுக்கியது. கண்ணாடி நம்மைப் பார்த்தபடி இருந்தால் அதன் வலது பக்கம் நமக்கு இடது பக்கம். இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் இது. அவர் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும்கூட. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்கள்; பட்டினி கிடக்கிற யானைக்கு இன்னும் சீக்கிரம் சறுக்கும் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் வெளியே பையன் எட்டி எட்டிப் பார்த்தான். இந்த மகாராணி எப்போது எழுந்து எப்போது வருவது? மெஷின் தானே கருவியில் வைத்துப் பார்த்தார். எந்தத் தலை தப்புச் செய்ததோ அதே தலை பார்த்தது. ஃபிரேமை அதே மாதிரி திருப்பிப் பிடித்து வலதை இடதாகவும் இடதை வலதாகவும் படித்தது. எல்லாம் சரி என்றது. மெஷின் பச்சை ஸ்டிக்கரை எடுத்துத் தானே ஒட்டினார்.

பையன் போட்டுப் பார்த்தான். "சார், தரை கொஞ்சம் சாயுற மாதிரி இருக்கே?"

"புதுக் கண்ணாடி. ரெண்டு நாள்ல பழகிடும்."

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம் இது. பல சமயம் உண்மைதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை என்ற ஒரு வசதியும் அதில் இருக்கிறது. "மகராசனா இருங்க" என்று பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் பின்னறைக் கதவு திறந்தது. செக்கிங் நின்றாள். அவளுக்குப் பின்னால் அதே பையன்.

"படியிறங்கத் தெரியாம காலால தடவிட்டு நின்னார், அண்ணா. நம்ம வாசல்ல இருக்கிறது மூணே படி." அவள் பையனின் இடது கண்ணைத் தன் கையால் மறைத்தாள். "தம்பி, எதிர்க்கடை போர்டைப் படிங்க."

பையன் கண்ணை இடுக்கினான், கழுத்தை நீட்டினான். ஒரு எழுத்துகூட வரவில்லை.

செக்கிங் கண்ணாடியைக் கழற்றி இரண்டு லென்ஸின் ஓரத்தையும் விரலால் தடவிவிட்டு மேஜைமேல் வைத்தாள். பவர் கூடின லென்ஸின் தடித்த ஓரம் இடது பக்கம் இருந்தது.

"ஸ்டிக்கர் யாரு ஒட்டினது?"

"நான்தான்."

"பவர் பார்த்தது?"

"அதுவும் நான்தான்."

அவள் பையன் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் பச்சை ஸ்டிக்கரை உரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து பையனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"தம்பி, தப்பு என்னுது. வலதுக்கு இடதை மாட்டிட்டேன். சாயுதுன்னு நீங்க சொன்னப்பவே கழட்டிப் பார்த்திருக்கணும். பழகிடும்னு சொன்னேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு."

பையன் கோபப்படவில்லை. அவன் முகம்தான் வெளுத்துப்போயிற்று. "டெஸ்ட்ல தோத்திருந்தா வேலை போயிருக்கும், சார். தப்பித் தவறிப் பாஸ் ஆகியிருந்தா? இதைப் போட்டுக்கிட்டு மேல ஏறியிருப்பேனே. கீழ ஆளுங்க நிப்பாங்களே."

ஒரு பக்கத்துக்கு வெட்டின லென்ஸை மறுபக்கத்துக்குப் போட முடியாது. புதிதாகத்தான் வெட்ட வேண்டும், அந்தப் பவரில் கடையில் வேறு லென்ஸ் இல்லை. ஊரின் மறுகோடியில் உள்ள மொத்தக் கடைக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும். மெஷின் செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க? நான் போறேன்" என்றாள் செக்கிங்.

"தப்பு பண்ணினது நான். நான்தான் அலையணும்."

"அலைஞ்சு, களைச்சு வந்து மறுபடி வெட்டுவீங்களா? அதையும் நான் படியில வச்சுத்தான் கண்டுபிடிக்கணுமா? உட்கார்ந்து சாப்பிடுங்க, அண்ணா. நான் வர்றப்ப உங்க கை நடுங்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

அவள் போய்விட்டாள். மெஷின் டப்பாவைத் திறந்தார். முதல் கவளத்தைத் தண்ணீர் விட்டுத்தான் விழுங்க முடிந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதில் ருசி தெரிந்தது. ஆறிப்போன சாப்பாடே இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று இருந்தது. இத்தனை வருஷம் இதைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்கிறோமே என்று கண் கலங்கியது. பாதியைப் பையனுக்குத் தள்ளினார். அவன் மறுக்கவில்லை, அவனும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"மேல உட்கார்ந்தா எல்லாம் தெரியுமா, தம்பி?" என்று கேட்டார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எங்க, சார்? நேர் கீழ இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது. தரையில ஒருத்தர் நிப்பார், அவர் வாக்கி டாக்கில சொல்லச் சொல்ல இறக்குவேன். அவர் டீ குடிக்கப் போனா நானும் நிறுத்திடுவேன். ஆரம்பத்துல கௌரவக் குறைச்சலா இருந்துச்சு. அப்புறம் நிம்மதியாயிடுச்சு."

"நிம்மதியா?"

"எல்லாத்தையும் நானே பார்க்க வேண்டாம் இல்ல, சார்?"

மெஷின் டப்பாவை மூடினார். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். தூங்கினாரா என்று கேட்டால் இல்லை என்பார். குறட்டை கேட்டதாகப் பையன் சொன்னான்.

செக்கிங் லென்சோடு வந்து எழுப்பினாள். மெஷின் முகம் கழுவினார், ஃபிரேமைத் தூக்கினார், பின்பக்கம் தன்னைப் பார்க்கும்படி திருப்பினார். அறையில் மற்ற மூன்று வேலைகளும் அப்படியே கிடந்தன, அவற்றின் பக்கம் அவர் திரும்பவில்லை. வெட்டி, பொருத்தி, கருவியைத் தொடாமல் அவளிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு பையனை வாசலுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு கண்ணாக மூடி எதிர்க்கடை போர்டைப் படிக்கச் சொன்னாள். கடையின் பேர், கீழே இருந்த பொடி எழுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரம் என்று அவன் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனான்.

"போதும், தம்பி. அவங்க கடைக்கு நீங்களே விளம்பரம் பண்ணிடுவீங்க போலிருக்கே" என்றாள்.

முதலாளியிடம் மெஷினே போய்ச் சொன்னார். முதலாளி கத்தினார், கத்த வேண்டிய விஷயம்தான். கத்தி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "உனக்கு அந்தப் பேரை வச்ச என் வாயைச் சொல்லணும்" என்றார். "நாளையிலிருந்து ஒரு மணிக்குப் பின்னறையைப் பூட்டிச் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேரும்."

சாயங்காலம் மனைவி டப்பாவை வாங்கி எடை பார்த்தாள். முகத்தில் சந்தேகம். "யாருக்குக் குடுத்தீங்க?"

"பாதி நான் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு." மெஷின் சமையலறை வாசலில் நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னார். "உன் சாப்பாட்டை இத்தனை நாள் நான் மதிக்கலை. அந்தப் பொண்ணு தூங்கப் போறதைப் பார்த்துச் சிரிச்சேன். இன்னைக்கு அவ மட்டும் தூங்கி எழுந்து தெளிவா வரலைன்னா, அந்தப் பையன் அந்தக் கண்ணாடியோடவே போயிருப்பான்."

மனைவி வழக்கமாக இந்த மாதிரி வாய்ப்பை விடுகிறவள் அல்ல. அன்றைக்கு விட்டுவிட்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. உட்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை, பாஸ் ஆகிவிட்டதாகவும் நேரே வேலைக்குப் போவதாகவும் பையன் கடைக்குப் போன் செய்தான். போனை வைத்ததும் மெஷின் செக்கிங் பக்கம் திரும்பினார். இரண்டு மூன்று தரம் தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. உன்னை நான் கேலி பண்ணினதெல்லாம்..."

"விடுங்க, அண்ணா. நேத்து நீங்க கோட்டை விட்டீங்க, நான் பிடிச்சேன். என்னைக்காவது நான் கோட்டை விடுவேன், அன்னைக்கு நீங்க பிடிங்க. கணக்கு தீர்ந்துடும்."

ஒரு மணிக்கு அறையைப் பூட்டினார்கள். மெஷின் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் நேரம் மிச்சமிருந்தது. மத்தியான வெயிலில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாகத் தெருக்கோடிவரை நடந்தார். கட்டடத்தின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். உயரத்தில் ஒரு கட்டு இரும்புக் கம்பி மெல்ல நகர்ந்து வந்து, நின்று, ஆடாமல் இறங்கியது. குறிப்பிட்ட இடத்தில் அலுங்காமல் உட்கார்ந்தது.

அங்கே கொஞ்சம் தள்ளி, தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கம்பி இறங்கியதை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்தாள், பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், வேலைக்குப் போனாள். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. இவருடைய தப்பால் தெரிய வேண்டியிருந்த நாள் ஒன்று வராமலே போய்விட்டது. அதை நினைத்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் நெஞ்சு நிறைந்து நின்றார்.