வறுத்ததனால் வந்த ருசி

அப்பா கிண்ணத்தின் நடுவில் ஸ்பூனை நட்டுவிட்டுக் கையை எடுத்தார். அது விழவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுல ஸ்டீல் எதுடா? ஸ்பூனா, ஓட்ஸா?" என்றார்.

"ரெண்டும்தாம்பா. முடிஞ்சா ஸ்பூனை மட்டும் திருப்பிக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. நாலு வாய் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்கியது. மீதியை என் பக்கம் தள்ளிவிட்டு, காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டு, அரை வயிறோடு பஸ் ஓட்டக் கிளம்பினார்.

ஸ்டீல் கட் ஓட்ஸ் என்பது விளம்பரங்களில் வரும் தட்டையான, சாதுவான ஓட்ஸ் அல்ல. முழுத் தானியத்தையே ஸ்டீல் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டியது. பார்வைக்கு நொய், குணத்துக்கு ஜல்லி. ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் அரைமணி நேரத்துக்கு மேல் வேக வைக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினால் பொங்கும். பொங்காமல் பார்த்துக்கொண்டால் அடிபிடிக்கும். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் போஸ்டர் ஒட்டலாம்.

இது எங்கள் வீட்டுக்குள் வந்தது டிப்போ டாக்டரால். வருடாந்தரப் பரிசோதனையில் அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஸ்டோர் ரூமில் டயர் எண்ணும் வேலைதான். இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறவர் அப்பா. "ஓடுனாத்தாண்டா அது டயரு. நின்னா வெறும் ரப்பரு" என்று மட்டும் சொன்னார். 

அம்மா உப்பு ஜாடியை அலமாரியின் மேல்தட்டுக்கு நாடு கடத்தினாள். காலையில் ஓட்ஸ் என்று முடிவானது. அவளுக்குத் துணி தேய்க்கும் கம்பெனியில் ஆறு மணி ஷிப்ட், எனக்குக் கல்லூரி பத்தரைக்கு. ஆகவே அடுப்பு என் தலையில் விழுந்தது. அப்பாவுடையதில் உப்பு ஒரு கல்கூடக் கூடாது. எனக்கு மட்டும் வளர்கிற பையன் என்று அனுமதி உண்டு. இருபது வயதுக்கு மேல் எந்தத் திசையில் வளர்வேன் என்று அம்மா சொல்லவில்லை.

கிண்ணங்கள் இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. இரண்டாவது வாரம் ஒரு காலையில், போனைப் பார்த்துக்கொண்டே அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்டேன். வாயில் வைத்ததும் என்னுடையது சப்பென்றிருந்தது. நிமிர்ந்தேன். அப்பா கிண்ணத்தின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நல்லாருக்குடா" என்றார்.

இதை நான் விளக்கியாக வேண்டும். அப்பா என்னைக் கடைசியாகப் பாராட்டியது ஏழாம் வகுப்பில், சைக்கிளை நேராக நிறுத்தியதற்கு. அதன் பிறகு அவர் என் பொருட்டு எங்காவது வந்தார் என்றால், அது கல்லூரி முதல்வரின் அறைக்குத்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ‘முதல்வருக்கு ஒரு நன்றிக் கடிதம்’ எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தேன். முதல்வர் முதல் தடவை படித்தபோது மகிழ்ந்தாராம். யாரோ அவருக்கு இரண்டாம் தடவை படித்துக் காட்டிவிட்டார்கள். அப்பா காக்கிச் சட்டையோடு அந்த அறையில் நின்று, எனக்காக மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அப்பேர்ப்பட்டவர் நல்லாருக்கு என்கிறார்.

"என்னடா பண்ண?"

"முதல்ல வெறும் சட்டில வறுத்தேம்பா" என்றேன். பொய் எனக்குத் தாளிக்காமலே மணக்கும்.

மறுநாள் அவர் கிண்ணத்தில் நானே ஒரு சிட்டிகை போட்டேன். சாப்பிடாமல் போய் மயங்கி விழுவதற்கு இது தேவலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நாக்கு ஒரு சிட்டிகையில் நிற்கிற ஜாதி இல்லை. மூன்றாவது வாரம் அரை ஸ்பூன் ஆனது, பிறகு முழு ஸ்பூன். அப்பா வழித்துத் தின்றார். டிப்போவில் எல்லோரிடமும் என் வறுவல் மகிமையைச் சொன்னார். சில டிரைவர்கள் வீட்டில் வறுத்துப் பார்த்து, பசையாக வந்தது என்றார்களாம். "கைமணம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாராம் அப்பா. இதை அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாவது வார முடிவில் டாக்டர் மறுபடி பார்த்தார். குறையவில்லை, ஏறியிருந்தது. மாத்திரையை இரட்டிப்பாக்கினார். இன்னும் இரண்டு வாரம்தான் என்றார்.

அம்மா விசாரணையைத் தொடங்கினாள். வீட்டில் உப்பில்லை, காலையில் தவறாமல் ஓட்ஸ், அதுவும் மகன் கையால். ஆக, குற்றம் வெளியே நடக்கிறது. வெளியே என்றால் ஒரே ஆள்தான். அப்பாவோடு இருபது வருடமாக ஒரே பஸ்ஸில் போகும் கண்டக்டர் சித்தப்பா. ரத்த உறவு இல்லை, ஆனால் என் காதுகுத்து முதல் கல்லூரி விண்ணப்பம்வரை எல்லாவற்றுக்கும் கூட நின்றவர். பையில் எப்போதும் உப்புக்கடலைப் பொட்டலம் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் கிளறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, சத்தியமா அண்ணன் வாயில ஒரு கடலை விழுந்ததில்ல. நான்தான் தின்னுவேன். தோலை என் சீட்டுக்கடியில போடுவேன், அது என் கெட்ட பழக்கம். அவ்ளோதான்."

"உங்க கடலைப் பைக்கும் அவர் வாய்க்கும் எவ்ளோ தூரம் தம்பி?"

"அவரு முன்னாடி பாத்து ஓட்டறாரு அண்ணி, நான் பின்னாடி டிக்கெட் குடுக்கறேன். நடுவுல அறுபது பேரு நிக்கறான். நசுங்காம கடலை போய்ச் சேருமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "டயர் எண்ண விட்டுருவாங்க தம்பி அவரை. விளையாடாதீங்க" என்றாள். 

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. எட்டி அடுப்படியைப் பார்த்தார். "டேய் புரொபசரு, நீயாச்சும் சொல்லேன்டா. உங்கப்பன் கடலை தின்னு பாத்திருக்கியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நான் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினேன். "பாத்ததில்ல சித்தப்பா. ஆனா போன வாரம் அப்பா சட்டைப் பையில கடலைத் தோல் இருந்துச்சு."

அது உண்மைதான். ஏன் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். தன் பஸ்ஸில் குப்பை கிடந்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. கடைசி ட்ரிப் முடிந்ததும் குனிந்து ஒவ்வொரு தோலாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

சித்தப்பா பேப்பரை வாசற்படியில் வைத்தார். செருப்பை மாட்டுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தெருவில் இறங்கியபின் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா துண்டோடு வந்து விஷயம் கேட்டுக் கத்தினார். தோல் பொறுக்கிய கதையைச் சொன்னார். "பஸ்ஸைக் கூட்ட ஆளில்லையா?" என்றாள் அம்மா. மூன்று நாள் கழித்து அப்பாவே என்னிடம் தாழ்ந்த குரலில், "சிக்னல்ல நிக்கறப்ப, நெனப்பில்லாம ரெண்டு மூணு வாயில போட்டிருப்பனோடா?" என்று கேட்டார். செய்யாத குற்றத்துக்குத் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சித்தப்பா எழுதிக் கொடுத்து வேறு ரூட்டுக்கு மாறிவிட்டார். அப்பாவின் பஸ்ஸுக்குப் புதிதாக ஒருவன் வந்தான். "அவன் விசிலடிச்சா கெளம்பச் சொல்றானா, யாராச்சும் விழுந்துட்டாங்களான்னே தெரியல" என்றார் அப்பா. ஒருநாள் உப்பைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். "வறுவல் பத்தலடா" என்று கிண்ணத்தைத் தள்ளினார். மறுநாள் பழைய அளவையே போட்டேன்.  இன்னும் நாலு கல் கூடுதலாக விழுந்தது. பொறுக்கி எடுக்கவில்லை.

கடைசிப் பரிசோதனை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளி அப்பாவுக்கு வார ஓய்வு. காலையில் பனியனோடு அடுப்படிக்கு வந்து நின்றார். கையில் பழைய ட்ரிப் ஷீட்டும் பேனாவும்.

"உன் சித்தப்பனுக்கும் பிரஷராம்டா. நூத்தி எம்பதாம். சரியா சாப்பிடறதில்லையாம், யார்கிட்டயும் பேசறதுமில்லையாம். வீட்டுல ஓட்ஸ் செஞ்சா துப்பறானாம்." ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மேடையில் வைத்தார். "நீ செய்யறதை வரிசையாச் சொல்லு. கத்துக்கிட்டு நானே போய் செஞ்சு குடுக்கறேன். வாயில ஊட்டிவிட்டா மூஞ்சியத் திருப்புவானா?"

நான் சொன்னேன். அப்பா செய்தார். வெறும் சட்டியில் ஓட்ஸை வறுத்தார். வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற கவனத்தோடு வறுத்தார். நிறம் மாறுகிறதா என்று ஒரு மணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘மணம் வரும் வரை’ என்று எழுதிக்கொண்டார். நாலு டம்ளர் தண்ணீரை அளந்து ஊற்றினார். கொதித்தது.

"அடுத்தது?"

"தீயக் குறைக்கணும்."

குறைத்தார், எழுதினார். "அடுத்தது?"

"உப்பு."

அப்பா சிரித்தார். "உப்பா? யாருக்கு?"

"உங்களுக்கு. ஒரு மாசமா."

பேனா தாளில் ஊன்றியபடி நின்றது. சட்டியில் நுரை எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அப்பாவின் கைதான் தானாகப் போய் அதைக் கலைத்துவிட்டது.

"எவ்ளோ?"

"முதல்ல சிட்டிகை. இப்ப ஒரு ஸ்பூன். அதுக்கு மேலயும்."

"அப்ப இந்த வறுக்கறது?"

"அது சும்மாப்பா."

"டிப்போல நாப்பது பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்று அடுப்பிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எனக்குப் போட்டது போகட்டும். அவனை ஏன்டா சொன்ன?"

 சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அரைமணி நேரம் வேகிற பண்டம். அரைமணி நேரமும் அப்பா கிளறினார். நானும் நகரவில்லை. ஓட்ஸ் மெல்லத் தண்ணீரைக் குடித்துப் பெருத்தது, இறுகியது, பிறகு தளர்ந்தது. அப்பா ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி வாயில் போட்டார். உப்பில்லாததை நிதானமாக மென்று விழுங்கினார். டிபன் டப்பாவில் ஊற்றி மூடினார்.

"சட்டைய மாட்டு."

"அப்பா, நான் என்னன்னு..."

"தோல் எப்படி வந்துச்சுன்னு சொல்லு. உப்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன், வாயத் தொறக்க மாட்டேன். வந்து உங்கம்மாகிட்டயும் சொல்லு."

பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. ஓட்டியவன் சின்ன வயசுக்காரன், அப்பாவை அடையாளம் தெரியவில்லை. டப்பா என் மடியில் இருந்தது, சூடு பேண்டைத் தாண்டித் தொடையில் இறங்கியது. நகர்த்தாமல் வைத்துக்கொண்டேன். அப்பா வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் நிறுத்தம் வந்தபோதுதான் கவனித்தேன். டிரைவர் பிரேக் போடுவதற்கு ஒரு கணம் முன்பாகவே அப்பாவின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. பஸ் கிளம்பியதும் தளர்ந்தது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படித்தான். சிக்னலில், வளைவில், குறுக்கே ஓடிய நாய்க்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் கால் சரியான நேரத்தில் இறங்கி, ஒன்றுமில்லாத தரையை மெதுவாக மிதித்தது. அவருக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சித்தப்பாவின் தெருமுனை தெரிந்தது. நான் எழுந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன். அப்பாவின் கால் அழுத்த ஆரம்பித்திருந்தது. பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.