நாற்பது நிமிடம்

திரையில் இரண்டு கோடுகள் வளர்ந்துகொண்டிருந்தன. கறுப்பு, செவ்வாயில் நிற்கும் ஊர்தி அளந்து அனுப்பிய வெப்பநிலை. சிவப்பு, அவள் அண்ணன் கணினியில் உருவாக்கிய மாதிரி கணித்துச் சொல்வது. முதல் நாள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல ஏறி இறங்கின. பிறகு சிவப்பின் நண்பகல் நாளுக்கு நாள் முன்னால் நழுவியது. பத்தாம் நாள், ஊர்தி விடியற்காலைக் குளிரில் விறைத்திருக்க, மாதிரியில் உச்சிவெயில் அடித்தது.

மாதிரிக்கு அண்ணன் கொடுத்த எண்கள் இருக்கும் கோப்பை அவள் திறந்தாள். ஒரு நாளின் நீளம்: 86,400 வினாடி. அது பூமியின் நாள். செவ்வாயின் நாள் நாற்பது நிமிடம் கூடுதல். “அந்த நாப்பது நிமிஷத் தூக்கத்துக்காகவே அங்க குடிபோயிடலாம்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவன் அண்ணன்.

இன்னொரு தப்பு வந்தால் அவன் வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அவனுடைய மறதிக்கு மருத்துவர் வைத்த பெயரை அவர் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர். எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுவரை அவள் திருத்தியவை அப்படித்தான் தெரியாமல் போயிருந்தன. அவள் விசைப்பலகையில் கை வைத்தபோது பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“என்ன பாப்பா, திருடி மாதிரி முழிக்கிற?”

“ஒண்ணுமில்லண்ணா.”

அவன் குனிந்து எண்ணைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“நானா போட்டேன்? இது எத்தனாவது?”

“ரெண்டாவது.”

“பொய் சொன்னா உனக்கு மூக்கு சிவக்கும். சின்ன வயசுலேர்ந்தே.”

“பதினொண்ணு.”

யாருடைய கணக்கையோ கேட்பதுபோலத் தலையசைத்தான். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, தலைவருக்கு மூன்று வரி எழுதி அனுப்பினான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவள் மேசையில் வைத்தான்.

“இதை நிறுத்திடட்டுமாண்ணா?”

“வேணாம், ஓடட்டும். முப்பத்தேழாவது நாள் வரைக்கும்.”

“அன்னிக்கு என்ன?”

“தப்பு, நாளுக்கு நாப்பது நிமிஷமா ஒரு முழுச் சுத்து சுத்தி வந்து சரியான நேரத்துல நிக்கும். எதுவுமே நடக்காத மாதிரி.”

காலையில் இந்தக் கட்டடத்துக்கு அவளிடம் வழி கேட்டவன், இதை மனக்கணக்காகச் சொன்னான்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் முப்பதாம் நாள் தாண்டியதும் சிவப்பு கறுப்பை நெருங்கத் தொடங்கியது. முப்பத்தேழில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடானது. ஆளில்லாத அந்த நிலத்தில் ஒரே ஒரு நண்பகல். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

முப்பத்தெட்டாம் நாளின் முதல் புள்ளி, கறுப்புக்குச் சற்று முன்னால் விழுந்தது.