பின்பாரம்

உடும்பஞ்சோலை தாண்டி, தார் ரோடு முடிந்து, ஏலத்தோட்டத்துக் கல்பாதையில் ஜீப் இறங்கியதுமே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முன்சீட்டில் இருந்தால் பள்ளம் கண்ணில் படும் என்று பின்சீட்டுக்கு மாறினேன். அங்கே என்னடாவென்றால், பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் இடிக்கிற இடியெல்லாம் என் முதுகிலேயே விழுந்தது.

அந்த டிரெய்லர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்துக்குப் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் பைத்தியம் நாற்பத்தைந்து வயதில் பிடித்தது. டிரெய்லருக்குப் பட்டை ஸ்பிரிங் வைப்பதா, சுருள் ஸ்பிரிங் வைப்பதா என்று நாலு மாதம் யோசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கால் மணி நேரத்தில் முடிவு சொன்ன மனுஷர்! கடைசியில் சுருள் ஸ்பிரிங், அலுமினியத் தகடு, மொத்தமே இருநூறு கிலோ என்று முடிவானது. செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர் ஜிபி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கனமான சாமானை முன்பக்கம் வையுங்கள், ஜீப்பின் கொக்கியில் கொஞ்சம் பாரம் அழுந்த வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் டிரெய்லர் ஆடும் என்றார்.

இவர் சிரித்தார். "நாங்க நாலு தலைமுறையா மாட்டு வண்டி ஓட்டுனவங்க. மாட்டுக் கழுத்துல பாரத்த அழுத்தறவன் குடியானவனா?"

பாரவண்டியில் அப்படித்தான் ஏற்றுவார்கள். நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்காதபடி சுமையைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதே மாதிரி இவரும் தண்ணீர்க் கேன்களையும் கேஸ் சிலிண்டரையும் டிரெய்லரின் கடைசியில் அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, முன் முனையைத் தூக்கிக் காட்டினார். "பாரு புள்ள, ஒத்த வெரல்ல தூக்கறேன்." நானும் கை தட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

தூறலில் கல் வழுக்கியது. மூன்றாவது வளைவில் டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைய ஆரம்பித்தது.

"ஏனுங்க, மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான் போறேன். அது தள்ளுது."

இருபது வருஷத்தில் நான் கேட்காத குரல் அது. அவர் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் வீசித் திரும்பிப் பள்ளத்துப் பக்கம் பாய்ந்தது. ஜீப்பும் கூடவே இழுபட்டு, பின்புறம் பள்ளத்தைப் பார்க்க, பாதையின் விளிம்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. டிரெய்லரின் வால் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன் முனை மேலே எம்பி, ஜீப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கியது. கீழே ஏலச்செடிகளும் மூடுபனியும்தான் தெரிந்தன.

"ஹேண்ட் பிரேக்கப் போடுங்க" என்றேன்.

"அது பின் டயருக்குத்தான் புடிக்கும். பின் டயரு தரையிலயே நிக்கல. நான் கால எடுத்தா போச்சு." பிறகு, "நீ எறங்கிரு புள்ள" என்றார்.

அப்போது கீழேயிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று ஏறி வந்தது. கழுத்தில் ஜெபமாலை போட்ட டிரைவர் எட்டிக் குதித்து ஓடி வந்தார். வினோ என்று பேர் பிறகுதான் தெரிந்தது. ஒரு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"யக்கா, எறங்காதிய! ஒங்க கனத்துலதான் பின்பக்கம் இதுக்கு மேல தூக்காம நிக்கி. எறங்குனா அண்ணாச்சியோட சேத்து வண்டி போயிரும். ரெண்டு நிமிசம், கம்பிக் கயிறு எடுத்தாரேன்."

அவர் தன் ஜீப்புக்கு ஓடினார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "அந்தத் தம்பி சொன்னது கெடக்கட்டும். நீ எறங்கு."

தெரிந்தேதான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

டிரெய்லர் கிரீச்சிட்டது. ஜீப் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. என் கை கதவைத் திறந்தது. பயத்தில் தன்னால் திறந்தது என்று சொன்னால் பொய். நான் இறங்கினால் அவர் போய்விடுவார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே ஒரு காலை வெளியே வைத்தேன். உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு மட்டும். சீட் எனக்குக் கீழே மெல்ல எழும்புவது தெரிந்தது.

கயிற்றோடு ஓடி வந்த வினோ, தோளால் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"என்ன சத்தம்?" என்று இவர் கண்ணைத் திறக்காமலே கத்தினார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பிரேக்க விட்றாதிய."

வினோ இரண்டு ஜீப்பின் முன் கொக்கிகளையும் கயிற்றால் பிணைத்தார். தன் ஜீப்பை ரிவர்ஸில் இழுத்துக் கயிற்றை விறைப்பாக்கி, கியரிலேயே நிறுத்தி, டயருக்குக் கல் வைத்தார். பிறகு பின்னால் வந்து, டிரெய்லரைக் கொக்கியோடு பூட்டியிருந்த இரும்பு ஊசியை ஜாக்கி ராடால் தட்டினார். நாலாவது தட்டில் அது கழன்றது. ஜீப்பின் பின் டயர்கள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தன. டிரெய்லர் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்தோடு நாங்களும் போயிருக்க வேண்டியவர்கள்.

இறங்கியதும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தேன். அவர் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியாள் முன்னால் என் கையைத் தொட்டே அறியாத மனுஷர், குழந்தை மாதிரி அழுதார்.

"பாத்தீங்களா தம்பி? ரெண்டு தடவ எறங்கச் சொன்னேனுங்க. எனக்கோசரம் அப்படியே உக்காந்திருந்தா."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வினோ நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி. அக்கா அசையவே இல்ல."

இவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவைத் திறந்த கையை.